ஒரு தடவை கேட்பவர்

அவரிடம் எனக்குப் பயம் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாய் குறுக்கே வந்து படுத்தால்கூட ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்தி, அது எழுந்து போகிறவரை காத்திருக்கிற ஆள். ஒல்லியான உடம்பு. காதோரம் நரைத்த தலை, அதில் எப்போதும் ஒட்டிக் கிடக்கும் பஞ்சு. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை முதலாளியின் வீட்டு ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அப்போது தென்காசி ரோட்டில் குஷன் கடை வைத்திருந்தேன். லாரி சீட், வேன் சீட், சினிமாக் கொட்டகை நாற்காலி எல்லாம் தைப்பேன். எண்பதுகளின் நடுவில் தொடங்கி ஆறேழு வருடம் அவரோடு பழக்கம். அந்த ஆறேழு வருடமும் அவர் என் கடைப் படி ஏறும்போதெல்லாம் தைத்து முடித்த சீட்டைக்கூட நான் திரும்ப ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.

காரணம் ஒன்றுதான். எதையும் அவர் ஒரு தடவைதான் கேட்பார்.

"சரியா இருக்கா?"

நாம் "இருக்கு" என்றால், "சரே" என்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அந்த ஒரு சொல் மட்டும் அவர் தமிழுக்குள் நுழைந்துவிடும். அதோடு முடிந்தது. குனிந்து பார்க்க மாட்டார். தட்டிப் பார்க்க மாட்டார். நாம் சொன்ன சொல்லின் மேல் தன் முழு உடம்பையும் தூக்கி வைத்துவிடுவார்.

முதன்முதலாக அதை நான் பார்த்தது என் கடைக்கு எதிரே இருந்த மெக்கானிக் ஷெட்டில். ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். கீழே ஏதோ சத்தம் வருகிறது, படுத்துத்தான் பார்க்க வேண்டும். மெக்கானிக் வாயில் வெற்றிலையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஜாக்கி நிக்குமா?" என்று இவர் கேட்டார்.

"அதெல்லாம் நிக்கும் அண்ணாச்சி."

"சரே."

அவ்வளவுதான். சாக்கை விரித்து, மல்லாந்து, நெஞ்சுவரை உள்ளே போய்விட்டார். மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தேன். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து நின்றான். பிறகு ஓடிப்போய் இரண்டு கனத்த மரத்துண்டுகளைத் தூக்கிவந்து வண்டிச் சட்டத்தின் அடியில் சொருகினான். ஏற்கெனவே அவன் போட்டிருந்த ஜாக்கியின் அடியில் ஒரு பாதிச் செங்கல்தான் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். "நிக்கும்" என்று சொல்லும்போதும் தெரியும். நம்மில் யார்தான் அப்படிச் சொல்லாதவர்கள்? கேட்கிற ஆளும் பாதி நம்பி, பாதி தானாகப் பார்த்துக்கொள்வான் என்ற தைரியத்தில்தானே சொல்கிறோம். இவரிடம் அந்தப் பாதி இல்லை.

அந்த மெக்கானிக் பிறகு ஒருநாள் டீக்கடையில் சொன்னான். "அவுரு வண்டி மட்டும் எனக்கு வேண்டாம்யா. வேற எவன் வண்டின்னாலும் பாத்துத் தாரேன். போன வாரம் பிரேக்கு புடிக்குமான்னு கேட்டாரு. புடிக்கும்னுட்டேன். மலையடிவாரத்துத் தோப்புக்குப் போயிட்டு அவுரு திரும்பி வாரவரைக்கும் எனக்குச் சோறு எறங்கல." நல்ல மனுஷன், ஆனால் நம்மால் தாங்காது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வண்டி தெரியாத ஆள் இல்லை அவர். போகிற போக்கில் ஒரு லாரியின் சத்தத்தைக் கேட்டே பின்சக்கரத்தில் பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். குனிந்தால் எல்லாம் தெரியும். குனிய மாட்டார். ஒருநாள் ஜீப்புக்குச் சீட் உறை மாட்டிக்கொண்டே நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, ஒருக்கப் பாத்துக்கிட்டா என்ன?"

உறையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். பிறகு சொன்னார். "நம்பலேன்னா கேக்கவே கூடாது தம்பி. நாமளே பாத்துக்கிடணும். கேட்டுட்டுப் பொறவு குனிஞ்சு பாத்தா, அவன் மூஞ்சில அடிச்ச மாதிரில்லா."

மாட்டிய உறையைக் கழற்றி, அடியில் நான் அவசரத்தில் விட்டுவைத்திருந்த இரண்டு தையலைப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டினேன்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். தலையணைக்கு இலவம்பஞ்சு அடைக்க வருவார். ஒருமுறை அவர் சொன்னது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் ஃபேன் மாற்ற வந்த எலக்ட்ரீசியன், மெயினை அணைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். இவரும் சரே என்று ஸ்டூலில் ஏறி வயரைக் கையால் பிடித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மெயின் அணையவே இல்லை. அந்நேரம் தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது, அதனால் ஆள் பிழைத்தார். அந்த எலக்ட்ரீசியன் அதற்குப் பிறகும் அவர்கள் வீட்டுக்கு வந்து போகிறானாம், இவர் அவனிடம் அதே மாதிரிதான் கேட்கிறாராம்.

"அவிய பயப்படவே மாட்டாவ தம்பி," என்றார் மதினி. "அவியளுக்கும் சேத்து நான்தான் பயப்படுதேன். காலையில ஜீப்பு கெளம்புற சத்தம் கேட்டாப் பயம் பிடிக்குது, திரும்பி வாரவரைக்கும் விடாது. எவன் என்ன சொல்லி வச்சிருக்கானோ, எதுக்கு அடியில போய்க் கெடக்காவளோன்னு."

நான் அவருக்குப் பஞ்சைக் கொஞ்சம் கூடவே வைத்துத் தலையணையை அடைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பஞ்சாலை முதலாளிக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஃபைபர் படகு வந்தது. மழை பெய்து கண்மாய்கள் நிறைந்தால் விருந்தாட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றுவதற்கு. படகோடு அதை ஏற்றி இழுக்க ஒரு ட்ரெய்லரும் வந்தது. இரண்டு சக்கரம் வைத்த இரும்புச் சட்டம். அதன் மேல் எட்டடி நீளத்தில் இரண்டு மரக்கட்டைகள், ரயில் தண்டவாளம் மாதிரிப் பக்கத்துக்கு ஒன்றாக. படகின் அடிவயிறு அந்த இரண்டு கட்டைகளின் மேல்தான் உட்காரும். மரம் உரசிப் படகில் கோடு விழாமல் இருக்கவும், தண்ணீருக்குள் தள்ளும்போது வழுக்கிப் போகவும் கட்டைகளைச் சுற்றிக் கார்பெட் போர்த்தியிருக்கும். வந்தபோதே அது கிழிந்து நார்நாராகத் தொங்கியது.

அதை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஊரில் யாரும் செய்யாத வேலை என்பதால் எனக்குப் பெருமை. வெறும் கார்பெட் போட்டால் தண்ணீர் மரத்தில் இறங்கும் என்று நானாக யோசித்து, முதலில் ரெக்சினை நாலு பக்கமும் இறுக்கிச் சுற்றி ஆணி அடித்தேன். அதன் மேல் கார்பெட்டைப் போர்த்தினேன். குழந்தைக்குத் துணி சுற்றின மாதிரி அழகாக இருந்தது.

"சரியா இருக்கா, தம்பி?"

"ஒரு சொட்டுத் தண்ணி மரத்துல படாது அண்ணாச்சி. பத்து வருசத்துக்கு அசையாது."

"சரே."

நாலு வருடம் கழித்து, ஒரு ஐப்பசி மழைக் காலத்தில், சனிக்கிழமை காலை அவர் அந்த ட்ரெய்லரைத் திரும்பவும் என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். படகை முதலாளி வீட்டு ஷெட்டில் பழைய டயர்கள் மேல் இறக்கி வைத்திருந்தார்கள். கார்பெட் தேய்ந்து, என் ஆணிகள் துருப்பிடித்து மேலே கிளம்பி, படகின் அடியில் கீறல் விழுந்திருந்தது.

"நாளைக்குக் கோயமுத்தூர்ல இருந்து விருந்தாட்க வாராங்க. வன்னியம்பட்டிப் பக்கம் கண்மாய் நெறஞ்சு கெடக்காம். காலையில போட்டைக் கொண்டுட்டுப் போவணும். சாயந்தரம் முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

அவர் போனதும் பழைய கார்பெட்டைப் பிய்த்தேன். அடியில் இருந்த ரெக்சினைக் கத்தியால் கிழித்ததும் ஒரு நாற்றம் வந்தது. அடைத்துக் கிடந்த கிணற்றைத் திறந்த மாதிரி. ஆணி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போன தண்ணீர் வெளியே வர நான் வழி விடவில்லை. அடிப்பக்கத்தை மூடாமல் விட்டிருந்தால் வடிந்து காய்ந்திருக்கும். நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியதால் நாலு வருடமாக மரம் ஈரத்திலேயே ஊறியிருக்கிறது. வலது கட்டை ஓரளவு பரவாயில்லை. இடது கட்டையின் பின்பாதியில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போனது.

மரக்கடை என் கடையிலிருந்து நாலு கடை தள்ளித்தான் இருந்தது. புதுக்கட்டை வாங்கியிருக்கலாம். இழைத்து ஓட்டை போட்டு மாட்ட ஒருநாள் ஆகும். நாளைக்கு முடியாது, திங்கட்கிழமைதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். பத்து வருசத்துக்கு அசையாது என்று சொன்னவன் நான். மரத்தைக் கெடுத்ததே நான் சுற்றிய ரெக்சின்தான் என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவும் அவரிடம்.

நான் அந்தக் கட்டையைக் கழற்றி, உளுத்துப் போனதைச் சுரண்டி எடுத்து, மரத்தூளையும் வஜ்ஜிரப் பசையையும் பிசைந்து அடைத்தேன். காய்ந்ததும் நல்ல பக்கம் மேலே வரும்படி திருப்பி மாட்டினேன். புதுக் கார்பெட்டைப் போர்த்தி, இந்த முறை பித்தளை ஆணியாக அடித்து, தலை வெளியே தெரியாமல் உள்ளே இறக்கினேன். ஒருநாள்தானே, திங்கட்கிழமை ஏதாவது காரணம் சொல்லித் திரும்ப வாங்கிக் கட்டையை மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயந்தரம் பார்த்தபோது அந்த இரண்டு கட்டைகளும் கடையில் வாங்கியவை போல இருந்தன.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். கார்பெட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார், ஆட்டுக்குட்டியைத் தடவுவதுபோல.

"சரியா இருக்கா, தம்பி?"

கை துடைக்கிற துணியைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். "இருக்கு அண்ணாச்சி."

"சரே."

அதோடு விட்டிருக்கலாம். பொய்க்குப் பக்கத்தில் ஒரு உண்மையான யோசனையையும் வைத்தால் பொய் உறுதியாக நிற்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "புதுக் கார்பெட்டு அமுங்கும் அண்ணாச்சி," என்றேன். "வழியில குலுங்கிக் கட்டையைப் புடிச்சிருக்க போல்ட்டு தளர்ந்துரும். அங்கன போயி, போட்டை எறக்குறதுக்கு முன்ன, கீழ ஒருக்க முடுக்கிக்கிடுங்க."

"சரே," என்றார் மறுபடியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவுதான். இருந்தாலும் வீட்டில் இருக்க முடியாமல் வந்து திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி வாக்கில் மதினி அந்தப் பக்கமாகக் காய்கறிப் பையோடு வந்தவர் நின்றார்.

"அண்ணாச்சி கெளம்பியாச்சா?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கே போயிட்டாவ. நீங்க என்னமோ கீழ படுத்து முடுக்கச் சொன்னீங்களாம்லா. சகதியா இருக்கும்னு பழைய சட்டையத் தேடிப் போட்டுக்கிட்டுப் போனாவ."

நான் சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன். படகு ஏற்றிய ட்ரெய்லர். அந்தப் பாரம் முழுக்க அந்த இரண்டு கட்டை மேல். அதன் அடியில் அவரைப் போய்ப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக மற்றவர்களின் முகத்தில் பொய்யைத் தேடிப் பழகிய கண்.

"கட்டை நல்லாத்தான இருக்கு, தம்பி?"

இரண்டாவது தடவை பொய் வரவில்லை. உண்மையும் வரவில்லை. "நான் ஒருக்கப் போய்ப் பாத்துட்டு வந்துருதேன் மதினி," என்று செருப்பைத் தேடினேன். அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு என் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போங்க," என்றார். "சீக்கிரம் போங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கிடைத்தது. ரயில்வே கேட்டில் நின்றது. கேட் மூடி, ரயில் வராமல், கேட்கீப்பர் கொடியைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு இறங்கி ஓடலாமா என்று இருந்தது. ஓடினால் எம்புட்டு தூரம் ஓட முடியும்? ஜீப் எட்டு மணிக்குக் கிளம்பியது என்றால், முதலாளி வீட்டில் படகை ஏற்ற அரை மணி. மெதுவாகத்தான் இழுத்துப் போவார். வழியிலேயே கட்டை போயிருந்தால் நல்லது. ரோட்டில் படகு கவிழ்ந்து கிடக்கிறதா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனேன். கவிழ்ந்து கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ரோடு முழுக்கச் சுத்தமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்து மிதித்தேன். செயின் இரண்டு தடவை கழன்றது. வன்னியம்பட்டிப் பக்கம் போய், ஆடு மேய்க்கிற ஒரு அம்மாவிடம், போட்டு ஒண்ணு போச்சா என்று கேட்டேன். "அந்தா கரைமேல நிக்கில்லா," என்று கை காட்டினார்.

கண்மாய் கரையில் ஒரு சரிவில் ஜீப் நின்றது. ட்ரெய்லரின் சக்கரம் தண்ணீரைத் தொடும் அளவுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அதன் மேல் வெள்ளைப் படகு. பக்கத்தில் முதலாளியும், வெளியூர்க்காரர்கள் மூன்று பேரும் குடையோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ட்ரெய்லரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியவன் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டேன். கத்தினால் அவர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி இடிப்பார். அந்த இடி போதும். ட்ரெய்லரைத் தொடக்கூடப் பயமாக இருந்தது. மெல்ல நடந்துபோய் முட்டிபோட்டுக் குனிந்தேன். மல்லாந்து படுத்து, இடது கட்டைக்கு நேர் கீழே, முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் ஸ்பேனரைப் பிடித்து முடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடுக்குக்கும் மேலே 'கிர்' என்று ஒரு சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, முடுக்காதீங்க."

"தம்பியா? இங்க எங்க? இன்னும் ரெண்டு போல்ட்டு கெடக்கு."

"போதும். மெல்ல வெளிய வாங்க. அந்தக் கட்டை உளுத்துப் போச்சு. நான் நேத்துப் பொய் சொன்னேன்."

ஸ்பேனர் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே, புதுக் கார்பெட்டைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். உங்களுக்கு நேர் மேல."

ஸ்பேனரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குதிகாலை ஊன்றி, விரல் விரலாக வெளியே நகர்ந்தார். பாதி வந்ததும் நின்றார். சட்டை எதிலோ மாட்டிக்கொண்டது. "தம்பி," என்று மட்டும் சொன்னார். நான் தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டு அவர் தோள் பக்கமாகத் தடவினேன். மேலே படகின் வெள்ளை வயிறு என் கன்னத்தை ஒட்டி இருந்தது. கட்டையிலிருந்து ஈரத் தூள் என் கழுத்தில் உதிர்ந்தது. சட்டை ஒரு போல்ட் முனையில் சிக்கியிருந்தது. இழுத்தேன், பழைய துணி, கிழிந்து வந்தது. அவரும் வந்துவிட்டார்.

முதலாளி அப்போதுதான் எங்களைக் கவனித்தார். "என்னப்பா, முடிஞ்சுதா? எறக்கலாமா?"

"இன்னைக்கு வேண்டாம் முதலாளி," என்றார் இவர். "கட்டை உளுத்திருக்கு."

"யாரு சொன்னது?"

"இந்தத் தம்பி."

"நேத்துத்தானய்யா புதுசாப் போட்டான்? நல்லாத்தான இருக்கு பாக்கதுக்கு."

"நேத்து சரியா இருக்குன்னான். இன்னைக்குச் சரியில்லங்கான்." அவர் கட்டையைத் தொட்டும் பார்க்கவில்லை. கார்பெட்டைக் கிழித்துக் காட்டு என்று என்னிடம் சொல்லவும் இல்லை. நேற்றுச் சொன்னதை எப்படி நம்பினாரோ அப்படியே இதையும் நம்பி நின்றார்.

நான் முதலாளியிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ரெக்சின், தண்ணீர், வஜ்ஜிரம் எல்லாவற்றையும் சொன்னேன். காதில் வாங்கின மாதிரித் தெரியவில்லை. விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இம்புட்டு தூரம் கொண்டுவந்துட்டு எறக்காமப் போறதா? அவுத்து விடு," என்றார்.

"மாட்டேன் முதலாளி."

அவர் முதலாளியிடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலாளி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். கண்மாய்க் காவலுக்கு இருந்த ஆளையும் இன்னொருவரையும் கூப்பிட்டு முன்னாலிருந்து தள்ளச் சொன்னார்.

படகு ஒரு முழம்தான் நகர்ந்தது. பாரம் பின்பாதிக்கு வந்ததும் இடது கட்டை முறிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈர விறகு முறிகிற மாதிரி, அடக்கமாக. படகு இடப்பக்கம் சாய்ந்து சக்கரத்தின் மேல் இடித்து, அடி பிளந்து, சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே போய் அமர்ந்தது. தள்ளியவர்கள் முன்னால் நின்றதால் யாருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து தூக்கி நிமிர்த்தியபோது ஸ்பேனரைத் தேடினோம். சேற்றுக்குள் ஒரு சாண் ஆழத்துக்கு அமுங்கிக் கிடந்தது. தோண்டித்தான் எடுத்தோம்.

முதலாளி என்னைப் பார்த்து, "உங்கிட்டப் பொறவு பேசுதேன்," என்றார். அவரிடம் கையை நீட்டினார். "சாவியக் குடு. ஏத்துறதுக்கு முன்ன கட்டையப் பாக்கணும்னு தெரியாதா ஒனக்கு? சொன்னதையும் செய்ய மாட்டேங்க. நாளையில இருந்து வர வேண்டாம்."

அவர் சாவியைக் கொடுத்தார். ஸ்பேனரைக் கண்மாய் தண்ணீரில் கழுவி ஜீப்பில் அதனுடைய இடத்தில் வைத்தார். "கேட்டேன் முதலாளி," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் சேத்தூரில் ஒருவருக்குப் பஞ்சு லாரி ஓட்டப் போனார். கொஞ்ச நாளில் வீட்டையும் அங்கே மாற்றிக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் தேவதானம் திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை பார்த்தேன். "நல்லாருக்கியா தம்பி?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மதினி என்னிடம் பேசவில்லை. என் கையில் இருக்கிற அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மதினியை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்குக் கண்மாயிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே வந்தோம். சைக்கிளை நான் உருட்டிக்கொண்டு வந்தேன். தோளில் கிழிந்த சட்டையோடு அவர் பக்கத்தில் நடந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது.

"கோவமா அண்ணாச்சி?"

"கோவம் இல்ல தம்பி." கொஞ்ச தூரம் போய் நின்றார். "கீழ கெடந்தேம்லா, அதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. நீ சொன்ன பொறவு, மேல பாத்தேன் பாரு. அப்பத்தான் வந்துச்சு." வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. "இந்தா, இன்னும் நிக்கல." அந்த நடுக்கத்தை அவர் ஏதோ புதுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். அதை அவருக்குக் கொடுத்தவன் நான்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் என்னை உட்காரச் சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அவருக்குக் கண் சொக்கியது. தலை இரண்டு தடவை ஆடி, மூன்றாவது தடவை என் தோளில் வந்து விழுந்தது. அப்படியே தூங்கிவிட்டார். சேறு காய்ந்த தலை. அதற்கு நடுவிலும் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ் குண்டு குழியில் விழும்போதெல்லாம் நான் தோளைக் கல்லாக வைத்துக்கொண்டேன். மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன். கை மட்டும் அவர் மடியில் தூக்கத்திலும் லேசாக ஆடிக்கொண்டே வந்தது.

பஸ் நின்றது. ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஊர் வந்துட்டா, தம்பி?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடைகளைப் பார்த்தேன். எதிரே ஒரு போர்டில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். இன்னொரு போர்டிலும் வாசித்தேன். அதன் பிறகுதான் சொன்னேன்.

"வந்துட்டு அண்ணாச்சி."

அவர் எழுந்து, வெளியே எட்டிப் பார்க்காமல், நேராகப் படியில் இறங்கிப் போனார்.